தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணம்: மலையிலிருந்து கடலுக்கா, கடலிலிருந்து மலைக்கா?

சக்கரப்பித்து | ஜனவரி 9

அனைவருக்கும் வணக்கம். பிப்ரவரி நடுவில் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறுதோறும் ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது. லாரி உறுமாத, எப்போதாவது ஒரு வண்டி கடந்து போகிற சாலைகளிலேயே போய் ஒரு நதியை முழுவதுமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தாமிரபரணியைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் அளவு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் வரை அதன் நீளம் சுமார் 128 கிலோமீட்டர்தான். காவிரியைப் போல மாநிலம் விட்டு மாநிலம் துரத்த வேண்டியதில்லை.

பாபநாசத்தில் தொடங்கி, ஆற்றோடு இறங்கி, கடலில் முடிப்பது என் திட்டம். தண்ணீர் போகும் திசையில் போனால் மிதிக்கும் வேலை குறையும் என்று நினைக்கிறேன். வண்டிக்கு 32 மில்லிமீட்டர் டயர். கேரியரில் இரண்டு பைகள் இருக்கும். நாளொன்றுக்கு 50, 60 கிலோமீட்டர் போதும். ஆற்றங்கரையை ஒட்டியே தார்ச்சாலை உண்டா, எங்கே கரை மாற வேண்டும், எந்தப் பகுதியைத் தவிர்க்க வேண்டும் என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பொருநைக்கரையான் | ஜனவரி 10

தம்பி, திட்டம் நல்ல திட்டம். ஆனால் தலைகீழாக இருக்கிறது. பிப்ரவரியில் வருவதானால் கடலில் தொடங்கி மலையில் முடியுங்கள்.

பாபநாசத்தில் ஆறு சமவெளிக்கு வந்துவிட்ட பிறகு அதற்கு இறக்கம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. அம்பாசமுத்திரத்திலிருந்து கடல் வரை மொத்த இறக்கமே நூறு மீட்டரைத் தாண்டாது. அதை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சாலையில் பரப்பிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் தேறினாலே பெரிது. அதை உங்கள் கால் உணராது. கால் உணரப்போவது காற்றை. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று இந்தப் பள்ளத்தாக்கில் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் தோப்பாக நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் நீங்கள் நினைத்தபடி மலையிலிருந்து கடலுக்குப் போனால் சரி. ஆனால் தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறது, முற்பகலுக்குப் பிறகு கடற்காற்றும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அப்போது கிழக்கு நோக்கிப் போகிறவர் இல்லாத மலையை நாள் முழுக்க ஏறிக்கொண்டிருப்பார். மேற்கு நோக்கிப் போகிறவருக்கோ முதுகில் காற்று, கண்ணெதிரே மலை.

இரண்டாவதாக, ஆற்றங்கரையை ஒட்டிச் சாலையைத் தேடாதீர்கள். வாய்க்காலைத் தேடுங்கள். இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக வரிசை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காலோ இரண்டு கால்களோ பிரிகின்றன. எங்கள் ஊரில் வாய்க்காலைக் கால் என்றுதான் சொல்வோம். மேட்டுக்கு ஏறாமலும் பள்ளத்தில் விழாமலும் தண்ணீர் கடைசிக் குளம் வரை போய்ச் சேர வேண்டும் என்பதால், கால்கள் எல்லாம் நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகும். காலுக்கு ஆற்றுப் பக்கம் நஞ்சை, மறுபக்கம் புஞ்சை. நெல் விளைகிற நிலத்தில் வீடு கட்ட மனம் வராத பழைய ஆட்கள் அந்த எல்லையில்தான் ஊரை வைத்தார்கள். ஊருக்கு ஊர் போகும் சாலையும் அங்கேதான் அமைந்தது. ஆகவே வாய்க்காலோடு போகும் ஊர்ச்சாலையில் ஏற்றமும் இல்லை, பெரிய வண்டிக்கு அங்கே வேலையும் இல்லை. ஆற்றங்கரையிலோ பல இடங்களில் சாலையே கிடையாது. இருக்கிற இடத்திலும் அது ஒரு படித்துறையில் போய் முடிந்துவிடும், நீங்கள் வந்த வழியே திரும்ப வேண்டும்.

சுருக்கமாக என் வழி இது. திருச்செந்தூரில் தொடங்கி ஆத்தூர், முக்காணி, ஏரல், பெருங்குளம் வழியாக வடகரையில் ஸ்ரீவைகுண்டம் வரை. அங்கே தென்கரைக்கு மாறி ஆதிச்சநல்லூர், கருங்குளம். அதன் பிறகு பாளையங்கோட்டை வரை திருச்செந்தூர்ப் பெருஞ்சாலை, அதை மட்டும் அதிகாலையில் கடந்துவிட வேண்டும். நெல்லைக்கு மேற்கே மேலப்பாளையம், முன்னீர்ப்பள்ளம், தருவை, கோபாலசமுத்திரம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று கால்கள் பாயும் ஊர்களின் வழியே அம்பை, அதாவது அம்பாசமுத்திரம். அம்பைக்கு அப்பால் எப்படிப் போவது என்பதை இங்கே எழுதும் செங்கோட்டைக்காற்று சொல்லட்டும்.

ஒற்றைக்கியர் | ஜனவரி 10

அண்ணாச்சியின் மீது மிகுந்த மரியாதை உண்டு என்றாலும் வாய்க்கால் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. போன ஆண்டு இப்படி ஒருவர் சொன்னதைக் கேட்டு 25 மில்லிமீட்டர் டயரோடு ஒரு கால்கரையில் இறங்கினேன். முதல் இரண்டு கிலோமீட்டர் அருமையாக இருந்தது. பிறகு சரள், அதன் பிறகு களிமண், கடைசியில் கரையின் இருபுறமும் உடைமரம். ஒரே காலையில் மூன்று பஞ்சர். நெல்லையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் அகலமான தார்ப்பட்டை இருக்கிறது. குழி இல்லை, எதிரே வருகிறவர் என் தடத்துக்கு வருவதில்லை. அமைதியான சாலை என்பதற்காக முள்ளில் போவதைவிடச் சத்தமான சாலையில் பத்திரமாகப் போவதே மேல் என்பது என் கட்சி.

பொருநைக்கரையான் | ஜனவரி 11

ஒற்றைக்கியர் தம்பிக்கு நேர்ந்தது உண்மைதான், ஆனால் அவர் ஏறியது கால்கரை. நான் சொன்னது காலோடு போகும் ஊர்ச்சாலை. கால்கரை என்பது நீர்வளத்துறை ஆட்கள் மடை திறக்கவும் தூர் வாரவும் போய்வரும் பாதை, அது எந்த ஆண்டு எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கரையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் விலகி ஊர்களைக் கோர்த்துக்கொண்டு போகும் தார்ச்சாலை வேறு. அடையாளம் கேட்டால், நகரப் பேருந்து போகிற சாலையா என்று பாருங்கள். பேருந்து போனால் தார் இருக்கும். அதுவும் மணிக்கு ஒன்று என்ற அளவில் போகிற சாலையாக இருந்தால் உங்களுக்கு ஏற்ற சாலை அதுதான்.

நான்குவழிச் சாலையைப் பற்றிய அவர் கணக்கில் குறையில்லை. பத்திரமாகப் போகலாம், விரைவாகவும் போகலாம். ஆனால் அதில் வல்லநாடு வரை போனாலும் பாலத்தின் மேல் கடக்கும் அரை நிமிடம் தவிர ஆறு கண்ணில் படாது. சென்னைத் தம்பி ஆற்றைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறார்?

மருதநிழல் | ஜனவரி 12

நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். தோழிகள் மூவர் சேர்ந்து மாதம் ஒரு முறை கீழ்ப்பகுதியில் ஓட்டுவது வழக்கம். முக்காணி முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலான வடகரையைப் பற்றி அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் சாலையின் நிலை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. ஏரல் பக்கம் குளங்கள் உடைந்து, ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்து, சாலைகளை அறுத்துக்கொண்டு போயிற்று. அதன் பிறகு போட்ட புதிய தார் பல இடங்களில் பழையதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் புதுத் துண்டும் பழைய துண்டும் சேருமிடத்தில் ஒரு விளிம்பு நிற்கும். வாழைத்தோப்பின் நிழலில் அது கண்ணுக்குத் தெரியாது. நிழலுக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். இந்தப் பகுதியில் நவதிருப்பதிக் கோயில்கள் நெருக்கமாக இருக்கின்றன. பெருங்குளம், திருப்புளிங்குடி, நத்தம், ஸ்ரீவைகுண்டம் ஆகிய நான்கும் அண்ணாச்சி சொன்ன வழியிலேயே வந்துவிடும். எல்லாம் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால், உள்ளே போக விரும்பினால் காலையில் கோயிலையும் வெயிலில் சாலையையும் வைத்துக்கொள்ள நேரும். நாங்கள் செய்வது வேறு. ஐந்தரைக்கே கிளம்பி, பத்தரைக்குள் ஓட்டத்தை முடித்துவிட்டு, கடைசியாக வரும் ஒரே ஒரு கோயிலுக்குப் போய் அதன் மண்டபத்துக் கல்லில் உட்கார்ந்துவிடுவோம்.

பிப்ரவரி என்பதால் இன்னொன்று. பிசானப் பருவத்து நெல் அறுவடை தொடங்கியிருக்கும். களம் போதாமல் சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் காயப்போடுவார்கள். வண்டி ஏறாமலிருக்கக் கல்லும் முள்கிளையும் ஓரத்தில் வைத்திருப்பார்கள். நெல்லின் மேல் ஏறினால் சக்கரம் வழுக்கும், அதைவிட முக்கியமாக அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. எதிரே வண்டி வந்தால் நின்றுவிடுங்கள்.

தனியாக வரும் பெண்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பகலில் இந்த ஊர்ச்சாலைகளில் எனக்கு அச்சம் தந்தவை நாய்கள் மட்டுமே. நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் அது சலித்துப்போய் விட்டுவிடுகிறது. ஆள் நடமாட்டமே இல்லாத தோப்புச் சாலைகளில் மாலை ஆறுக்கு மேல் நாங்கள் போவதில்லை.

தேரிக்காட்டான் | ஜனவரி 12

ஆற்றையே பிடித்துக்கொண்டு போகிறீர்களே, தெற்கே ஒரு நாள் ஒதுக்கக் கூடாதா? சாத்தான்குளத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் குதிரைமொழித் தேரி இருக்கிறது. மேல்காற்று காலங்காலமாக அள்ளிக் குவித்த செம்மண் மேடுகள். அலையலையாக ஏறி இறங்கும் நிலம் வேண்டுமென்றால் அதைவிட வேறு எங்கே கிடைக்கும்? தார்ச்சாலையை விட்டு ஒரு அடிகூட இறங்கிவிடாதீர்கள் என்பது மட்டும்தான் எச்சரிக்கை. மணல் சக்கரத்தை அச்சு வரை விழுங்கிவிடும்.

சக்கரப்பித்து | ஜனவரி 13

அண்ணாச்சி சொன்னபடி திசையை மாற்றிக்கொண்டேன். தேரியை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்கிறேன். நான்கு நாளில் இரண்டையும் அடக்கினால் எதையும் பார்த்ததாக இருக்காது. அம்பைக்கு மேல் பாபநாசம், மணிமுத்தாறு, மாஞ்சோலை என்று மலைக்குள் போகலாமா, அல்லது அடிவாரத்தோடு தென்காசிக்குத் திரும்பிவிட வேண்டுமா என்பதுதான் இப்போது குழப்பம்.

செங்கோட்டைக்காற்று | ஜனவரி 14

மலைக்குள் போகும் ஆசையை விட்டுவிடுங்கள். பாபநாசத்துச் சோதனைச் சாவடிக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மணிமுத்தாறு அருவிக்கும் மாஞ்சோலைக்கும் போகும் சாலையும் வனத்துறையின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் இல்லாமல் ஒன்றும் நடவாது, சைக்கிள் என்பதற்காக யாரும் சலுகை காட்ட மாட்டார்கள். பாபநாசநாதர் கோயிலுக்கு முன்னால் ஆறு பாறைகளுக்கிடையே இறங்கி வருவதைப் படித்துறையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஆடி அமாவாசையை ஒட்டி மட்டும் யாரும் அந்தப் பக்கம் சைக்கிளில் வர வேண்டாம். சொரிமுத்து ஐயனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நடக்கவே இடம் இருக்காது.

அம்பையிலிருந்து ஆழ்வார்குறிச்சி, கடையம் வழியாகத் தென்காசிக்குப் போகும் சாலைதான் என் கணக்கில் இந்தப் பள்ளத்தாக்கின் மிகச் சிறந்த பகுதி. நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இதுவரை மட்டமாகக் கிடந்த நிலம் இங்கேதான் அசையத் தொடங்குகிறது. மலையிலிருந்து கடனாநதி, ராமநதி, ஜம்புநதி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சிற்றாறுகள் கிழக்கே இறங்குகின்றன. நீங்கள் வடக்கே போவதால் அவற்றை ஒவ்வொன்றாகக் குறுக்கே கடக்க வேண்டும். ஓடையை நோக்கி ஓர் இறக்கம், பாலம் அல்லது தாம்போதி (வெள்ளம் மேலே ஓடும் தரைப்பாலம்), பிறகு எதிர்மேடு. எந்த மேடும் பெரிதல்ல. ஆனால் கியரை மாற்றாமல் ஏறலாம் என்று நினைத்தால் மூன்றாவது மேட்டில் தொடை பேசத் தொடங்கும். இடதுபுறம் மலை கூடவே வந்துகொண்டிருக்கும்.

பேருந்து போகும் பெருஞ்சாலை வேண்டாமென்றால் ஆழ்வார்குறிச்சியில் மேற்கே திரும்பிச் சிவசைலம் போய், அங்கிருந்து கடனா அணைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கடையத்தில் வந்து சேரலாம். கடையம் செல்லம்மாளின் ஊர். 1918 முதல் 1920 வரை பாரதியார் அங்கே வாழ்ந்தார். மேலக்கடையத்தைத் தாண்டி ராமநதி அணை வரை ஒரு கிளை போகிறது, ஆனால் போன வழியே திரும்ப வேண்டும். காலில் தெம்பு மிச்சமிருந்தால் மட்டும் போங்கள்.

காற்றைப் பற்றி அண்ணாச்சி சொன்னதில் ஒரு திருத்தம். மேல்காற்று காலத்தில் இந்த அடிவாரச் சாலை எந்தத் திசைக்கும் உதவாது, ஏனென்றால் காற்று குறுக்கே அடிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்தில் பாவூர்சத்திரம் அருகே ஒரு லாரி என்னைக் கடந்தது. லாரி பக்கத்தில் இருந்தவரை அது காற்றை மறைத்தது. அது நகர்ந்த மறுகணம் காற்று தள்ளியதில் சாலையோரக் கற்றாழைக்குள் போய் உட்கார்ந்தேன். நல்லவேளை, மாசியில் அந்தக் கவலை இல்லை.

ஒற்றைக்கியர் | ஜனவரி 14

வழி முடிவாகிவிட்டது என்பதால் நான் கட்சி பேசவில்லை, ஒரு பொருளை மட்டும் சொல்கிறேன். டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் முள்தடுப்பு நாடா. இல்லாமல் வராதீர்கள். கூடவே திருச்செந்தூரில் மாசித் திருவிழா பன்னிரண்டு நாள் நடக்கும். உங்கள் தேதி அதில் விழுந்தால் அறை கிடைப்பது பெரும்பாடு. முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சக்கரப்பித்து | பிப்ரவரி 24

போய்விட்டு வந்தேன். உதவிய எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன் என்பதால், நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

வண்டியை ஒரு தனியார் பேருந்தின் அடிப்பெட்டியில் போட்டு அனுப்பினேன். பெயர் வேண்டாம். திருச்செந்தூரில் இறக்கிப் பார்த்தால் மேலே யாரோ மூட்டை அடுக்கியதில் பின் டீரெயிலர் (சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவி) தொங்கும் அலுமினியத் துண்டு உள்பக்கம் வளைந்திருந்தது. பெரிய பல்லுக்கு மாற்றினால் சக்கரக் கம்பியில் உரசும். அப்படியே மெதுவாக ஓட்டி ஆறுமுகநேரியில் ஒரு சைக்கிள் கடையில் நிறுத்தினேன். கடைக்காரப் பெரியவர் டீரெயிலரைக் கழற்றிவிட்டு, மூலையில் கிடந்த ஒரு கியர் சைக்கிளின் பின்சக்கரத்தை எடுத்து, அதன் அச்சை அந்தத் துண்டின் மரைக்குள்ளேயே திருகினார். இப்போது என் சக்கரமும் அந்தச் சக்கரமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டு ரிம்களுக்கும் நடுவே மேலே, கீழே, முன்னே, பின்னே என்று விரலை விட்டு அளந்தபடி, இடைவெளி நாலு பக்கமும் ஒன்றாகும் வரை அந்தச் சக்கரத்தையே கைப்பிடியாக வைத்து நெம்பினார். பத்து நிமிடம்தான் ஆனது. சென்னையில் இதற்கென்று தனிக் கருவி வைத்திருப்பவர்களிடம்கூட இவ்வளவு நிதானத்தை நான் பார்த்ததில்லை. ஐம்பது ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டிப் பாலத்தில் ஏறியபோது ஆற்றை முதல் தடவையாகப் பார்த்தேன். அகலமாக, அவசரமில்லாமல் கிடந்தது. முக்காணிக்கு மேற்கே திரும்பியதும் சத்தம் அறவே நின்றுவிட்டது. உமரிக்காட்டுப் பக்கம் இரண்டு புறமும் வாழை. மருதநிழல் அக்கா சொன்ன தார் விளிம்பை நிழலுக்குள் இரண்டு இடத்தில் கண்டேன், ஓரிடத்தில் காணாமல் ஏறி நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெருங்குளத்தின் கரையில் அரை மணி நேரம் சும்மா நின்றேன். பகலில் ஸ்ரீவைகுண்டத்தில் தங்கி, மாலையில் ஆதிச்சநல்லூர்ப் பறம்பை மட்டும் பார்த்துத் திரும்பினேன். முதுமக்கள் தாழிகள் புதைந்த 114 ஏக்கர் காடு. பக்கத்திலேயே பச்சைப் பசேலென்று வயல். நஞ்சையில் வீடு கட்டவில்லை என்று அண்ணாச்சி எழுதியிருந்தார். இறந்தவர்களையும் நஞ்சையில் புதைக்காமல் மேட்டிலே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்கே கிளம்பிப் பெருஞ்சாலையைக் கடந்துவிட்டேன். எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள்தான் நெல். கோபாலசமுத்திரத்தைத் தாண்டியதும் சாலையில் பாதி நெல்லாக இருந்தது. ஓர் அம்மா வெறுங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து நெல்லைக் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் போன தடம் உழவுச் சால் போல வரிவரியாக விழுந்தது. எதிரே மினி பேருந்து வந்ததும் அக்கா சொன்னபடி இறங்கி ஓரத்தில் நின்றேன். நின்ற இடம் சரியாக முள்கிளை. நெல்லுக்கு மரியாதை கொடுத்ததில் முன்டயர் போயிற்று! முள்தடுப்பு நாடா டயரின் நடுப்பகுதியைக் காக்கிறது, பக்கச் சுவரைக் காப்பதில்லை. அந்த அம்மாவே நிழலில் ஓலைப்பாயை விரித்துக் கொடுத்து, நான் டியூப் மாற்றி முடிக்கும் வரை பம்ப் அடிக்கும் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தார். இருநூற்று நாற்பது என்று சொன்னார். நான் எண்ணவில்லை.

பத்தமடையில் பாய்க்கோரை சாயமேறி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வீரவநல்லூர்ப் பக்கமிருந்து ஆற்றை நோக்கித் திரும்பித் திருப்புடைமருதூர் போனேன். கடனாநதி வந்து கலக்கும் இடத்தில், கோயிலைச் சுற்றிய மருத மரங்கள் முழுக்கக் கொக்கும் நாரையும். 2005ஆம் ஆண்டிலேயே அதைப் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவித்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மரத்தடியில் பேசும்போதுகூடக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்த இடத்துக்காகவே இன்னொரு முறை வருவேன்.

காற்றைப் பற்றி அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்தது, ஒரு சிறு வேறுபாட்டோடு. விடியலில் கிளம்பி முதல் இரண்டு மணி நேரம் காற்றே இல்லை. அம்பை நெருங்க நெருங்க மலையிலிருந்து மெல்லிய குளிர் எதிரே வந்தது. பத்து மணிக்கு மேல்தான் முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல உணர்ந்தேன். அதனால் வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அக்காவின் அறிவுரையும், காற்றோடு போக வேண்டும் என்ற அண்ணாச்சியின் அறிவுரையும் ஒன்றோடொன்று மோதின. மூன்றாம் நாள் காற்றின் பக்கம் சாய்ந்தேன்; அன்று மாலை தலைவலி.

நான்காம் நாள் ஆழ்வார்குறிச்சி, கடையம், தென்காசி. செங்கோட்டைக்காரர் மூன்றாவது மேட்டில் தொடை பேசும் என்று எழுதியிருந்தார். எனக்கு இரண்டாவதிலேயே பேசியது.

மருதநிழல் | பிப்ரவரி 25

முள்ளின் மேல் நிற்கச் சொன்னது நான்தான் என்றாகிவிட்டது, வருந்துகிறேன். இனிமேல் இந்த இழையைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நெல்லின் பக்கம் ஒதுங்க வேண்டாம், முன்கூட்டியே எதிர்ப்புறத்துக்குப் போய் நில்லுங்கள். வெயிலா காற்றா என்ற கேள்விக்கு, பிப்ரவரி வரை காற்று, மார்ச் பிறந்துவிட்டால் வெயில் என்பது என் விடை.

பொருநைக்கரையான் | பிப்ரவரி 25

தம்பி எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். விடியலில் மலையிலிருந்து வந்த குளிரை நான் சொல்ல மறந்துவிட்டேன். இரவில் மலைச்சரிவு குளிர்ந்து, அந்தக் கனத்த காற்று ஆற்றோடு இறங்குகிறது. சூரியன் ஏறியதும் நின்றுவிடும். அம்பைக்காரனுக்கு அது பழகிப்போனதால் காற்றாகவே தோன்றுவதில்லை.

இதே வழியை மறுபடி பார்க்க விரும்பினால் ஆனியில் வாருங்கள். அணையில் நீர் இருப்பைப் பொறுத்துக் கார் பருவத்து நெல் சாகுபடிக்குக் கால்களில் தண்ணீர் விட்டிருப்பார்கள். செய்தித்தாளில் பாபநாசம் அணையின் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் முழு மட்டம் 143 அடி. அப்போது நீங்கள் முதலில் போட்ட திட்டம்தான் சரியான திட்டம். பாபநாசத்தில் ஏறி உட்கார்ந்து கிழக்கே திரும்பினால் போதும், மேல்காற்று கொண்டுபோய் ஏரலில் விட்டுவிடும். சித்திரையில் மட்டும் வராதீர்கள், கால்கள் வறண்டு கிடக்கும்.

சக்கரப்பித்து | பிப்ரவரி 26

ஆனிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறேன், அண்ணாச்சி. ஒரே ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. மூன்றாம் நாள் மாற்றியது என் கடைசி டியூப். மெல்லிய வால்வு உள்ள 32 மில்லிமீட்டர் டியூபை வழியில் கேட்ட கடைகளில் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. நெல்லையில் எங்கே கிடைக்கும்?

ஒற்றைக்கியர் | பிப்ரவரி 26

28 முதல் 32 வரை பொருந்தும் டியூப் என்னிடம் பிரிக்காமல் இரண்டு இருக்கிறது, வால்வும் நீங்கள் சொல்வதுதான். என் 25 மில்லிமீட்டர் டயருக்கு அது உதவாது, தவறுதலாக வாங்கியது. ஆனியில் வரும்போது எழுதுங்கள், மேலப்பாளையத்தில் கொண்டுவந்து தருகிறேன். உங்களோடு சேரன்மகாதேவி வரை அந்த ஊர்ச்சாலையில் வந்தும் பார்க்கிறேன், வாய்க்கால்கரையில் மட்டும் இறங்க மாட்டேன்.